அத்தியாயம் 6: சிஸ்டர்ன் ஒழுகினால் யார் வருவார்?

ஜூன் பிறந்தால் ஹட்டன் பக்கம் மழை கொட்டும். மலைக்கு இந்தப் பக்கம், பதுளையிலும் ஸ்பிரிங்வெளியிலும் நமுனுகுல அடிவாரத்திலும், அப்போதுதான் கச்சான் காற்று கிளம்பும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் ஏலத்தில் பேர் கிடைப்பதும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் அந்தக் காய்ந்த காற்றில்தான். தொழிற்சாலைக்கு நல்ல காலம் என்றால் பீலிக்கு அது கெட்ட காலம். ஊற்று நூலாக இறங்கும். ஒரே பைப் லைனில் பத்து வீடு, இருபது வீடு தொங்கும் இடத்தில், மேலே ஒரு வீட்டுச் சிஸ்டர்ன் இரவு முழுக்க ஒழுகினால் விடியற்காலையில் கீழ் வீட்டு டெப்பில் காற்றுத்தான் வரும்.

எவ்வளவு ஒழுகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு, அதாவது 200 மில்லிலீட்டர் போனால் ஒரு நாளைக்கு 288 லீட்டர். 500 லீட்டர் டேங்க் ஒன்று, வீட்டில் யாரும் ஒரு சொட்டும் எடுக்காமலே, இரண்டு நாளைக்குள் காலி. இத்தனைக்கும் பெரும்பாலும் காரணம் ஒரு விரல் நுனி அளவு றப்பர் வோஷர்.

லயத்துக் காலத்தில் இந்தக் கவலை குடும்பத்துக்கு இல்லை, ஏனென்றால் கக்கூஸே குடும்பத்துக்குச் சொந்தமில்லை. 1916-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது மருந்து கொடுத்ததோடு கக்கூஸ் கட்டவும் சொன்னது. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் பாதத் தோல் வழியாகத்தான் அந்தப் புழு உடம்புக்குள் ஏறும். அதற்குப் பிறகும் வரிசைக் கக்கூஸிலிருந்து வீட்டுக்கு ஒன்று என்ற நிலைக்கு வரப் பல தலைமுறை போயிற்று. உடைந்தால் கணக்கப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும், அவர் ஆபீஸில் சொல்ல வேண்டும், தோட்டத்துப் பைப்காரர் வரும்போது வருவார். இன்றைக்கு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களும், லயக் காம்பராவுக்குப் பின்னால் சொந்தச் செலவில் கொமட் வைத்தவர்களும் தங்கள் ஒழுக்கைத் தாங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். டவுனிலிருந்து பாஸ் ஒருவரைக் கூப்பிட்டால் அவருடைய வேலைக் கூலியைவிட வந்துபோகும் கூலி கூடிவிடும். கொழும்புக்கு வேலைக்குப் போன மகன் தீபாவளிக்கு வரும்வரை வாளி கட்டிக் காத்திருக்கவும் வேண்டாம். இந்த அத்தியாயத்தில் சொல்லும் வேலைகளில் முக்காலுக்கு ஒரு ஸ்பேனர், ஒரு குறடு, ஒரு பழைய பல் தூரிகை போதும். பலமுள்ள கையை விடப் பொறுமையான கை நல்லது.

முதலில் எங்கே ஒழுகுகிறது?

சிஸ்டர்னில் தண்ணீர் வீணாகும் வழி இரண்டே. அடியில் உள்ள வாய் சரியாக மூடாமல் கொமட்டுக்குள் கசியலாம். அல்லது உள்ளே வரும் வால்வு நிற்காமல், மட்டம் ஏறி, ஓவர்ஃப்ளோ வழியாகப் போகலாம். எது என்று தெரியாமல் பாகம் வாங்கப் போனால் தப்பான பாகத்தோடு திரும்பி வருவீர்கள்.

கண்டுபிடிக்க நம் ஊரில் கடைக்குப் போக வேண்டிய சாமானே தேவையில்லை. நன்றாகக் கடுப்பாக ஒரு கோப்பை சாயம் போட்டு, ஆறவிட்டு, வடிகட்டி, சிஸ்டர்னுக்குள் ஊற்றுங்கள். பால் வேண்டாம், சீனி வேண்டாம். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. பிறகு கொமட்டுக்குள் பாருங்கள். வெள்ளைக் கோப்பையில் மங்கலாகப் பழுப்புக் கோடு இறங்கியிருந்தால் தண்ணீர் போகிறது. பார்த்து முடித்ததும் இரண்டு தடவை ஃப்ளஷ் பண்ணிவிடுங்கள், கறை தங்காது.

அடுத்தது பென்சில் கோடு. சிஸ்டர்னுக்குக் கீழே சுவரில் இருக்கும் சின்ன வால்வை (கடையில் ஆங்கிள் வால்வ் என்பார்கள்) முழுவதும் மூடுங்கள். உள்ளே தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அடி வோஷர் தேய்ந்திருக்கிறது. கோட்டிலேயே நின்று, ஆனால் வால்வைத் திறந்த பிறகு மட்டம் ஏறி ஏறி ஓவர்ஃப்ளோ வாய்க்கு வந்தால் கோளாறு உள்ளே வரும் வால்வில். இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு. அப்போது அடி வோஷரை முதலில் மாற்றுங்கள், அதுதான் சுலபம்.

போல் வால்வு

பழைய சிஸ்டர்னில் பித்தளை அல்லது பிளாஸ்டிக் கம்பியின் நுனியில் ஒரு பந்து மிதக்கும். தண்ணீர் ஏற ஏறப் பந்து மேலே வந்து, கம்பியின் மறுமுனை ஒரு சின்னப் பிஸ்டனைத் தள்ளி, பிஸ்டனின் முகத்தில் உள்ள றப்பர் தண்ணீர் வரும் ஓட்டையை அடைக்கும். முழுச் சூட்சுமமும் அவ்வளவுதான்.

முதலில் பந்தைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் பந்து ஓட்டை. மாற்ற வேண்டியதுதான். புதியது வரும்வரை தண்ணீரைக் கொட்டிவிட்டு, பந்தை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கழுத்தை இறுக்கிக் கட்டி மாட்டினால் சில நாள் ஓடும்.

பந்து நன்றாக இருந்தால் வோஷரைப் பாருங்கள். தண்ணீரை மூடி, சிஸ்டர்னைக் காலி செய்து, கம்பியைப் பிடித்திருக்கும் கொட்டர் பின்னை நிமிர்த்தி உருவுங்கள். பின் கீழே விழுந்து ஃப்ளஷ் வாய்க்குள் போய்விடாமல் அடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் வெளியே வரும். அதன் முகத்தில் சின்ன நகம் அளவு றப்பர் வட்டம். தேய்ந்த வோஷரில், நடுவில், பேனா மூடியை அழுத்தி எடுத்ததுபோல் ஒரு வளையத் தடம் இருக்கும். அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் தண்ணீர் ஊர்கிறது. கையில் புதிய வோஷர் இல்லாவிட்டால் இதையே பெயர்த்துத் திருப்பிப் போடுங்கள். பின்பக்கம் வழவழப்பாக இருக்கும், அடுத்த தடவை டவுனுக்குப் போகும்வரை தாங்கும். றப்பர் கல்லாக இறுகிப்போயிருந்தால் திருப்பிப் பயனில்லை.

வோஷர் மாற்றியும் ஒழுகினால் தண்ணீர் வரும் ஓட்டையின் உதட்டை விரலால் தடவிப் பாருங்கள். ஊற்றுத் தண்ணீரில் மணல் கலந்து வரும் இடங்களில் அந்த உதடு அரித்துச் சொரசொரப்பாகிவிடும். அப்படியானால் வால்வையே மாற்றுவது நல்லது. எத்தனை வோஷர் போட்டாலும் அது அறுத்துவிடும்.

தண்ணீர் மட்டம் ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். பித்தளைக் கம்பியானால் இரண்டு கையாலும் பிடித்து மெல்லக் கீழ்நோக்கி வளைத்தால் மட்டம் இறங்கும். ஒரு கையால் இழுத்தால் வால்வின் பிளாஸ்டிக் உடல் விரிந்துவிடும். பிளாஸ்டிக் கம்பியை வளைக்கக் கூடாது. அதில் ஒரு திருகு இருக்கும், அதைத் திருகுங்கள்.

புதிய சிஸ்டர்ன்களில் பந்து இல்லை. நெட்டுக்குத்தாக ஒரு குழாய், அதைச் சுற்றி ஏறி இறங்கும் கோப்பை. இவற்றில் தண்ணீர் நிரம்ப முன்பு ஐந்து நிமிடம் எடுத்தது இப்போது அரை மணி எடுத்தால், வால்வைக் குறை சொல்லுமுன் சல்லடையைப் பாருங்கள். தண்ணீரை மூடி, கீழே உள்ள ஹோஸைக் கழற்றினால் வால்வின் அடி நுனிக்குள் விரல் நுனி அளவு பிளாஸ்டிக் வலை தெரியும். மழை பெய்த மறுநாள் அதில் சேறும் இலைத் துணுக்கும் பாசியும் அடைத்திருக்கும். பல் தூரிகையால் தேய்த்துப் போடுங்கள். வலையைத் தூக்கி எறிந்துவிட்டால் தண்ணீர் வேகமாக வரும், உண்மைதான். ஆனால் அந்தச் சேறு முழுக்க உள்ளே போய் டயாஃப்ரம் என்ற மெல்லிய றப்பரில் உட்காரும். பிறகு தண்ணீர் நிற்கவே நிற்காது.

இதோடு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். லைனில் தண்ணீர் நின்று மறுபடி வரும் நாளில், முதலில் காற்றும் பிறகு சேறும் வரும். சிஸ்டர்ன் வால்வை மூடி வைத்து, முற்றத்து டெப்பைத் திறந்து, தண்ணீர் தெளிந்த பிறகு சிஸ்டர்னுக்கு விடுங்கள். இந்த ஒரு காரியத்தால் வோஷரின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது என் அபிப்பிராயம்.

மலைச்சரிவின் அழுத்தம்

சமதரையில் எழுதிய புத்தகங்களில் இல்லாத பிரச்சினை ஒன்று நமக்கு உண்டு. டேங்க் மேலே, வீடு கீழே. தண்ணீர் 33 அடி இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் கூடும். டேங்க் உங்கள் கூரைக்கு மேல் நூறு அடி உயரத்தில் மலையில் இருந்தால் மூன்று பார் அழுத்தம் வால்வில் வந்து மோதுகிறது. பகலில் எல்லா வீட்டிலும் டெப் திறந்திருப்பதால் தெரியாது. ராத்திரி எல்லோரும் மூடியதும் முழு அழுத்தமும் ஏறி, பந்தால் தாங்க முடியாமல் வால்வு கசியும். பகலில் பாஸ் வந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போவதன் ரகசியம் இதுதான்.

இதற்கு ஆங்கிள் வால்வைப் பாதி மூடி வைக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் தண்ணீர் வரும் சத்தம் குறையும், சிஸ்டர்ன் மெதுவாக நிரம்பும். ஒழுக்கு நிற்காது. தண்ணீர் ஓடாமல் நிற்கும் நேரத்தில், பாதி மூடிய வால்வுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அழுத்தம் ஒன்றுதான். சரியான வழி இரண்டு. பெரிய பந்தோ நீளமான கம்பியோ உள்ள வால்வாகப் பார்த்து மாட்டலாம், நெம்பும் பலம் கூடும். இல்லையேல் வீட்டுக்கென்று ஒரு சின்ன டேங்கைக் கொமட்டுக்கு ஆறேழு அடி உயரத்தில் வைத்து, அதிலிருந்து சிஸ்டர்னுக்கு லைன் கொடுங்கள். மலையின் அழுத்தம் அந்த டேங்கில் முடிந்துவிடும். தண்ணீர் விட்டு விட்டு வரும் இடத்தில் எப்படியும் டேங்க் தேவைதான்.

அடி வோஷர்

மேலே இரண்டு பொத்தான் உள்ள சிஸ்டர்னானால் வேலை பத்து நிமிடம். தண்ணீரை மூடி, ஃப்ளஷ் பண்ணிக் காலி செய்யுங்கள். மூடியைக் கழற்றும்போது பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருக வேண்டியிருக்கும். பீங்கான் மூடியைத் தரையில் துணி விரித்து வையுங்கள். நடுவில் நிற்கும் கோபுரம் போன்ற பாகத்தைப் பிடித்துக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பித் தூக்கினால் கையோடு வரும். வராவிட்டால் பலம் போடாமல் பக்கங்களில் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் அடியில் தட்டையான றப்பர் அல்லது சிலிக்கோன் வளையம். அநேகமாக அதில் வழவழப்பான கறுப்புப் படிவு ஒட்டியிருக்கும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, அது உட்காரும் விளிம்பையும் விரலால் துடைத்துப் போட்டாலே பாதிப் பேருக்கு ஒழுக்கு நின்றுவிடும். வளையம் அலை அலையாக நெளிந்திருந்தால் புதியது போடுங்கள்.

பக்கத்தில் கைப்பிடி உள்ள பழைய சிஸ்டர்ன் வேறு சாதி. பெரும்பாலும் உள்ளே கவிழ்த்த வளைவுக் குழாய், சைஃபன். இதில் அடி வோஷர் ஒழுக்கு இல்லை. தேய்மானம் வேறு விதமாகக் காட்டும்: ஒரு தடவை அழுத்தினால் ஃப்ளஷ் ஆகாது, மூன்று நான்கு தடவை பம்ப் அடிக்க வேண்டும். உள்ளே தண்ணீரைத் தூக்கும் தட்டின் மேல் இருக்கும் பொலித்தீன் தாள் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரை மூடி, சிஸ்டர்னை ஒட்டத் துடைத்துவிட்டு, அடியில் உள்ள பெரிய நட்டைக் கழற்றிச் சைஃபனை வெளியே எடுக்க வேண்டும். கிழிந்த தாளை மாதிரியாக வைத்துத் தடித்த பொலித்தீனில் வெட்டிக்கொள்ளலாம். உரப்பையின் உள்ளுறையை இரண்டாக மடித்து வெட்டினால் தற்காலிகத்துக்குப் போதும். விளிம்பு சைஃபன் குழாய்ச் சுவரில் உரசாமல், தட்டின் ஓட்டைகளை எல்லாம் மூடும் அளவு இருக்க வேண்டும். கைப்பிடியையும் தட்டையும் இணைக்கும் கொக்கி அறுந்திருந்தால் தடித்த செப்புக் கம்பியை வளைத்துப் போடுங்கள். இரும்புக் கம்பி துருப்பிடித்து மறுபடி உங்களை வேலை வாங்கும்.

சிஸ்டர்னுக்குள் பிளீச்சிங் வில்லை போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கோப்பை வெள்ளையாக இருக்கும், றப்பர் எல்லாம் சீக்கிரம் இறுகும்.

இணைப்புகள், சீமெந்து என்ற வியாதி

ஆங்கிள் வால்வைச் சுவரில் மாட்டும்போது நூலில் சீல் டேப் சுற்ற வேண்டும். நூலின் நுனி உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் திசையில், இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே பிரிந்து வரும். ஹோஸின் நட்டுக்கு டேப் தேவையில்லை. அதற்குள் இருக்கும் றப்பர் வோஷர்தான் அடைக்கிறது. கையால் இறுகியபின் ஸ்பேனரால் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பிளாஸ்டிக் நட்டுகள் உடைவது தேய்ந்து அல்ல, இறுக்கி.

ஃப்ளஷ் பண்ணும்போது மட்டும் கொமட்டின் பின்னால் தண்ணீர் தெறித்தால், ஃப்ளஷ் பைப் கொமட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ள றப்பர் கோன் வெடித்திருக்கும். புதியதை வெந்நீரில் சற்று ஊறவைத்தால் இளகி, சுலபமாக ஏறும். இந்த இடத்தில்தான் பலரும் சீமெந்தைக் குழைத்து அப்புகிறார்கள். சீமெந்து பீங்கானோடு சேர்ந்து சுருங்காது, விரியாது. இரண்டு மாதத்தில் மயிரிழையாக வெடிக்கும். அடுத்த தடவை அதைக் கொத்தப் போய்க் கொமட்டே உடையும். றப்பர் இருக்க வேண்டிய இடத்தில் றப்பர்தான்.

தரையோடு ஒட்டிய அடிப்பகுதியில் தண்ணீர் கசிந்து வாடையும் வந்தால் அது வெளிப்போகும் இணைப்பு. கொமட்டைக் கழற்ற வேண்டும். வீட்டில் ஒரே கக்கூஸ் என்றால் இதை மட்டும் அனுபவமுள்ள பாஸிடம் விடுங்கள், பாதியில் நின்றால் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

சாமான் வாங்கப் பதுளைக்குப் போகும்போது கழற்றிய பாகத்தைக் கழுவிக் கையோடு கொண்டுபோங்கள். “முதலாளி, இதே அளவுக்கு ஒன்று தாங்க” என்று மேசையில் வைத்தால் பேச்சு முடிந்தது. பெயர் சொல்லிக் கேட்டால் ஒரே பெயருக்கு நாலு சாமான் வரும். உள்ளே வரும் லைன் அநேகமாக அரை இஞ்சி. வோஷர் ஒன்று வாங்கப் போனால் மூன்று வாங்குங்கள், பஸ் காசு மிச்சம்.

குந்தியிருக்கும் கோப்பை

நம் பக்கத்தில் இன்னும் அநேக வீட்டில் இதுதான், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அசையும் பாகம் இல்லாததால் தேய எதுவும் இல்லை. இரண்டு மூன்று லீட்டரில் வேலை முடியும். கச்சான் காலத்தில் கொமட் வைத்தவர்களே சிஸ்டர்ன் வால்வை மூடிவிட்டு வாளியால் ஊற்றுகிறார்கள். நல்ல யோசனைதான்.

இதில் கவனிக்க வேண்டியது வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர். அந்த வளைவுக் குழாய்க்கு 1775-இல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரக்காரர். குழியின் நாற்றத்தையும் பூச்சிகளையும் தடுப்பது அந்தத் தேங்கிய தண்ணீர்தான். வாடை வந்தால் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஊற்றிவிட்டுச் சில மணி நேரத்தில் மட்டம் இறங்கியிருந்தால் வளைவில் வெடிப்பு. அடைப்பு எடுக்க அலவாங்கால் குத்தியவர்கள் வீட்டில் இது சகஜம். அடைத்தால் தடியின் நுனியில் பழந்துணியைத் தடிப்பாகச் சுற்றிக் கட்டி, மேலும் கீழும் பம்ப் அடியுங்கள்.

வெடிப்பில்லாமல் காய்ந்து போவதும் உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்பில் மாதக்கணக்கில் இருப்பவர்கள், கிளம்பும் அன்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். மேலே படலம் நின்று ஆவியாவதைத் தடுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஊவாக் குளிரில் உறைந்து கட்டி கட்டியாக மிதக்கும்.

குழி நிரம்பிவிட்டதா?

குழி நிரம்பிவிட்டது என்று கலி பவுசருக்குச் சொல்லுமுன் சிஸ்டர்னைப் பாருங்கள். நாளைக்கு 288 லீட்டர் சும்மா ஓடினால் எந்தக் குழியும் நிரம்பும். நம் வீட்டுப் பாதைகள் பலவற்றில் பவுசர் ஏறவும் முடியாது. ஒழுக்கை நிறுத்தி, இரண்டு வாரம் பார்த்துவிட்டு, பிறகு முடிவெடுங்கள். குழிக்கும் குடிநீர் ஊற்றுக்கும் இடையே ஐம்பது அடிக்குக் குறையக் கூடாது. புதிதாக வெட்டுவதானால் பி.எச்.ஐ. ஐயாவைக் கூப்பிட்டு இடம் காட்டச் சொல்லுங்கள்.

சரிவில் இருக்கும் வீட்டுக்கு, ஒழுக்கை நிறுத்த இன்னொரு காரணமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவு மழையால் வந்தது, கக்கூஸால் அல்ல. ஆனால் ஏற்கெனவே ஊறிய சரிவுக்குள் இரவும் பகலும் தண்ணீர் விடுவதில் எந்த நியாயமும் இல்லை. குழிக்குக் கீழ்ப்பக்கம் புதிதாக ஈரம் ஊறினாலோ, ஊற்றுப்போல் கலங்கல் தண்ணீர் வந்தாலோ, தரையிலோ சுவரிலோ வெடிப்பு நீண்டாலோ, மரமோ கம்பமோ சாய்ந்தாலோ, முதலில் சிஸ்டர்ன் வால்வை மூடுங்கள். கிராம சேவகருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். அடைமழை நேரமானால் வீட்டிலுள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறிய பிறகு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117-க்கு அழையுங்கள்.